குளிசையின் பெயர் என்ன?

சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்



தோல் வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் முகப்பருவையும் முடி உதிர்வையும் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். தேநீர் நேரத்தில் மூன்று பேர் என்னிடம் அதைத்தான் கேட்டார்கள். அவர்களுக்குத் தனியாகப் பதில் சொல்கிறேன். இந்த இருபது நிமிடத்தில் நான் பேச விரும்புவது வேறு ஒன்று. நோயைத் தீர்க்க நாங்கள் குடிக்கும் மருந்தே சில வேளை தோலில் ஒரு நோயாக வெளிவருகிறது. அதைப் பற்றிய முதற் பாடத்தை நான் மருத்துவ பீடத்தில் படிக்கவில்லை. எங்கள் விடுதியின் சிக்றூமில் படித்தேன்.

1980களின் தொடக்கத்தில் விடுதியில் இருந்தவர்களுக்கு எங்கள் மேற்றனை நினைவிருக்கும். வெள்ளைச் சேலை, இடுப்பில் திறப்புக் கோர்வை, கையில் நீல மட்டை போட்ட ஒரு கொப்பி. யாருக்கு என்ன வருத்தம், எந்தத் திகதி, என்ன மருந்து, எத்தனை வேளை என்று எல்லாவற்றையும் அதில் எழுதுவார். வைத்தியர் தந்த மருந்தென்றாலும் பெயரைக் கேட்டு எழுதாமல் ஒரு பிள்ளைக்கும் கொடுக்க மாட்டார். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

ஒரு மாசி மாதம் எனக்குக் காய்ச்சலும் தொண்டை நோவும் வந்தது. குளிசை தந்தார்கள். சில நாட்களில் வலது மணிக்கட்டில் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் வட்டமாகச் சிவந்து, எரிந்து, பிறகு கறுத்துப் போனது. மயிர்க்கொட்டி பட்டிருக்கும் என்று தோழிகள் சொன்னார்கள். நானும் நம்பினேன். புரட்டாதியில் மீண்டும் காய்ச்சல், மீண்டும் குளிசை. அன்று மத்தியானம் குடித்தேன். இரவுப் படிப்பு நேரத்துக்குள் அந்தக் கறுத்த வட்டம் மறுபடி சிவந்து எரியத் தொடங்கியது. உதட்டோரத்திலும் புதிதாக ஒன்று வந்தது.

மேற்றன் என் கையை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். பிறகு கொப்பியைப் பின்பக்கமாகப் புரட்டினார். "பிள்ளை, மாசியிலயும் உனக்கு இந்த இடத்திலதானே வந்தது? அண்டைக்கும் இந்தக் குளிசைதான், இண்டைக்கும் இந்தக் குளிசைதான். இனி இதைத் தொடாதை" என்றார். ஒரு துண்டுக் கடதாசியில் அந்த மருந்தின் பெயரை எழுதி, இரண்டு திகதிகளையும் போட்டு, என் கையில் தந்தார். "உன்ர பிறப்புப் பதிவோட சேர்த்து வை. துலைச்சுப் போடாதை."

அந்த மருந்து கோட்ரைமொக்சசோல். சல்பா வகையைச் சேர்ந்தது. மருத்துவ பீடத்தில் நான்காம் வருடம் தோல் கிளினிக்கில் ஒரு நோயாளியைக் காட்டி, ஒரே மருந்து ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கறுப்பு வட்டத்தை உண்டாக்கும் ஒரு நிலை இருக்கிறது, இந்த மருந்து அதற்குப் பேர்போனது என்று பேராசிரியர் விளக்கியபோது, நான் சேட் கையை இழுத்து என் மணிக்கட்டைப் பார்த்தேன். வைத்தியம் படிக்காத ஒரு பெண் கொப்பியைப் புரட்டி அந்த நோயைக் கண்டுபிடித்திருந்தார்.

இனி விடயத்துக்கு வருகிறேன். மருந்தால் வரும் தோல் மாற்றங்கள் பல வகை. நீங்கள் வீட்டில் அடையாளம் காண நான்கை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, காணாக்கடி. தோல் தடித்து, கடித்து, ஓரிடத்தில் மறைந்து இன்னோர் இடத்தில் எழும்பும். மருந்து குடித்துச் சில நிமிடங்களில், அல்லது ஓரிரு மணித்தியாலங்களில் வரலாம். தடிப்பு மட்டும் என்றால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் அதோடு உதடும் நாக்கும் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ அது உயிருக்கு ஆபத்து. அந்த நேரத்தில் தேவைப்படுவது அட்ரினலின் ஊசி. வீட்டில் இருக்கும் அலர்ஜிக் குளிசையைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இரண்டாவது, சின்னமுத்துப் போன்ற சிவப்புப் பொரியல். எல்லாவற்றிலும் இதுதான் அதிகம். பெரும்பாலும் நெஞ்சிலும் முதுகிலும் தொடங்கிக் கை கால்களுக்குப் பரவும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மருந்தைத் தொடங்கிய அன்றைக்கே இது வராது. நான்காம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வரும். ஏழு நாள் அன்ரிபயோட்டிக் குடித்து முடித்து, கடைசிக் குளிசையும் போன பிறகு எட்டாம் நாள் வரலாம். "மருந்துதான் முடிஞ்சுதே டொக்டர்" என்று சொல்வார்கள். முடிந்த மருந்தாலும் வரும்.

மூன்றாவது, எனக்கு வந்தது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் வட்டம். சல்பா மருந்துகள், நோவுக்குக் குடிக்கும் சில குளிசைகள், ரெற்றாசைக்கிளின் வகை ஆகியவை இதை உண்டாக்கும். சிலருக்குப் பரசிற்றமோலும் செய்வதுண்டு. உதட்டிலும் கையிலும் வரும். மறைவான இடங்களிலும் வரும். அப்படி வந்தால் பலர் வெட்கத்தில் சொல்வதில்லை. அதை வேறு நோயென்று சந்தேகித்து வீட்டில் பிரச்சினைப்பட்ட தம்பதிகளையும் கண்டிருக்கிறேன். காரணம் ஒரு தலையிடிக் குளிசை.

நான்காவது வகை மிக அரிது. ஆனால் அதைச் சொல்லத்தான் இந்த உரை. 1922இல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ், ஜோன்சன் என்ற இரு குழந்தை வைத்தியர்கள், காய்ச்சலோடு வாயும் கண்ணும் புண்ணாகி உடம்பில் பொரியல் எழுந்த இரு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். 1956இல் ஸ்கொட்லாந்தின் அலன் லயல் என்ற தோல் வைத்தியர், சுடுதண்ணீர் கொட்டியதுபோல் தோல் உரியும் நிலையை விவரித்தார். இவை இரண்டும் ஒரே நோயின் இரண்டு படிகள் என்று இன்று கருதுகிறோம். உடம்பின் தோலில் பத்து வீதத்துக்குக் குறைவாக உரிந்தால் முதலாவது, முப்பது வீதத்துக்கு மேல் என்றால் இரண்டாவது. இரண்டாவது படிக்குப் போனவர்களில் பத்துக்கு மூன்று பேர் வரை இறந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம் ஒரு மருந்து. வழக்கமாக மருந்து தொடங்கி நான்கு நாளிலிருந்து நான்கு கிழமைக்குள் வரும்.

இதற்குச் சகோதரமான இன்னொன்றும் உண்டு. அதில் தோல் சிவப்பதோடு காய்ச்சல், முகவீக்கம், கழுத்தில் நெறி கட்டுதல் எல்லாம் வந்து, ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். அது இரண்டு கிழமையிலிருந்து எட்டுக் கிழமைக்குள் வரும். எட்டுக் கிழமைக்கு முன் தொடங்கிய குளிசையை யார் சந்தேகிப்பார்கள்? அதனால்தான் எங்களுக்கு முதலில் வேண்டியது நாட்காட்டி என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன்.

இனி ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். ஊர், பெயர் எதுவும் வேண்டாம். சலக்கடுப்புக்கு மருந்து குடித்த இரண்டாம் நாள் கண் திறக்க முடியாமல், உதடு வெடித்து, முதுகில் தோல் கழன்ற நிலையில் கொண்டு வந்தார்கள். குடித்தது கோட்ரைமொக்சசோல். இரண்டாம் நாளே இப்படி வருவதென்றால், உடம்பு அந்த மருந்தை முன்பே அறிந்திருக்க வேண்டும். மகளிடம் கேட்டேன். முதலில் இல்லை என்றார். பிறகு யோசித்துச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னும் ஒருமுறை காய்ச்சலுக்கு மருந்து எடுத்தபோது உடம்பெல்லாம் சிவந்து வாய் புண்ணானதாம். வீட்டில் எல்லோரும் கிரந்தி என்று முடிவு செய்தார்களாம். நண்டையும் இறாலையும் நிற்பாட்டி, கத்தரிக்காயையும் நிற்பாட்டி, வேப்பிலை அவித்துக் குளிக்க வார்த்தார்களாம். குளிசையை யாரும் நினைக்கவில்லை. அது தானாக முடிந்துபோனதால் வருத்தமும் மாறியது.

அந்தக் குளிசை வந்த சின்னக் கடதாசி உறையை மகள் தேடி எடுத்து வந்தார். அதில் "காலை 1, இரவு 1" என்று மட்டும் எழுதியிருந்தது. மருந்தின் பெயர் இல்லை.

அந்தத் தாய் உயிர் தப்பினார். தோல் வளர்ந்தது. ஆனால் கண்ணின் மேற்பரப்பில் தழும்பு விழுந்து பார்வை மங்கிப்போனது. பூக்கட்டுவதில் கைதேர்ந்தவர். இப்போது தடவித் தடவித்தான் கட்டுகிறார். "அண்டைக்கே பேரைக் கேட்டு எழுதி வைச்சிருந்தால், அம்மாவுக்குக் கண் இருந்திருக்குமா டொக்டர்?" என்று மகள் என்னிடம் கேட்டார். "ஓம்" என்பதுதான் நேர்மையான பதில். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் நானும் இளம் வைத்தியராக, வெளிநோயாளர் பிரிவில் வரிசை நீண்டிருந்த நாட்களில், யாருக்கும் விளங்காத எழுத்தில் துண்டு எழுதியிருக்கிறேன். பெயரில்லாத உறைகளோடு வீட்டுக்குப் போனவர்களில் என் நோயாளர்களும் இருந்திருப்பார்கள். அந்தக் குற்ற உணர்வோடுதான் இங்கே நிற்கிறேன்.

நாங்கள் கேட்பதற்கு உரிமை உள்ளவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மருந்துகளை அவற்றின் பொதுப்பெயரால் அழைக்க வேண்டும், கம்பனிப் பெயரால் அல்ல என்று 1970களிலேயே வாதாடியவர் எங்கள் நாட்டின் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் தொடங்கிய அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவர்தான். அவர் பேசியது விலையைப் பற்றி. தோல் வைத்தியராகிய எனக்கு அதில் இன்னொரு பயனும் தெரிகிறது. கம்பனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். பொதுப்பெயர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் ஒன்றுதான்.

வெளிநாட்டுச் சகோதரிகளுக்கு இது ஏன் முக்கியம்? இரவு இரண்டு மணிக்கு எனக்கு வட்ஸ்அப்பில் படங்கள் வரும். "அக்கா, அம்மாவின்ர கையைப் பாருங்கோ, இது என்ன?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "கடைசி இரண்டு மாதத்தில் அம்மா புதிதாக என்ன குடித்தார்?" மகள் லண்டனில், அம்மா ஊரில், குளிசை தட்டில், உறையில் பெயரில்லை. அல்லது அம்மா ஆறு மாதம் சிட்னியில் தங்க வந்திருப்பார். கொண்டு வந்த குளிசைகளை ஒரு பிளாஸ்ரிக் டப்பாவில் ஒன்றாகக் கொட்டியிருப்பார். அங்குள்ள வைத்தியர் கேட்டால் "வெள்ளைக் குளிசை, நடுவில ஒரு கோடு" என்பதுதான் பதில்.

மரபுவழியும் இதில் ஒரு காரணம். 2004இல் தாய்வானில் ஓர் ஆய்வு நடந்தது. வலிப்புக்கும் நரம்பு நோவுக்கும் கொடுக்கும் காபமசெபைன் மருந்தால் ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் நோய்க்கு ஆளான ஹான் சீனர் 44 பேரைச் சோதித்தார்கள். 44 பேரிடமும் ஒரே மரபணு வகை இருந்தது. 2007இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், ஆசிய வம்சாவளியினருக்கு அந்த மருந்தைத் தொடங்குமுன் இந்தச் சோதனையைச் செய்யும்படி கூறியது. தென்னாசியரிடம் இந்த வகை அவ்வளவு பரவலாக இல்லை. ஆனால் இல்லாமலும் இல்லை. வெளிநாட்டில் உங்களுக்கோ பிள்ளைக்கோ இந்த மருந்தைத் தொடங்கினால் "நாங்கள் ஆசியர், சோதனை தேவையா?" என்று கேளுங்கள். யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோபியூரினோலும் இப்படித்தான். அதற்கும் ஒரு மரபணு வகை 2005இல் கண்டுபிடிக்கப்பட்டது. சிறுநீரகம் பலவீனமாக உள்ளவர்களுக்கு ஆபத்து கூட. மூட்டுவாதம் ஒன்றும் இல்லாமல், இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் கொஞ்சம் கூட என்பதற்காக அதைத் தொடங்குவதற்குமுன், "எனக்கு இது கட்டாயம் வேண்டுமா?" என்று ஒரு கேள்வி கேட்பதில் தவறில்லை.

இப்போது மறுபக்கத்தையும் சொல்கிறேன். பயந்து எல்லா மருந்தையும் ஒதுக்கக் கூடாது. அமெரிக்காவில் பத்துப் பேரில் ஒருவர் தனக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்கிறார். அவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது ஒன்றும் செய்வதில்லை. சின்ன வயதில் காய்ச்சலோடு வந்த பொரியலை அம்மா மருந்தின் தலையில் கட்டியிருப்பார். டெங்கு மாறும் நேரத்திலும் உடம்பு சிவந்து கடிக்கும். அது டெங்கின் வேலை, குடித்த பரசிற்றமோலின் வேலை அல்ல. பெயரும் திகதியும் இல்லாத ஞாபகம் இரண்டு பக்கமும் வெட்டும். ஆபத்தான மருந்தைத் திரும்பக் கொடுக்க வைக்கும். நல்ல மருந்தைத் தேவையான நேரத்தில் மறுக்கவும் வைக்கும்.

சரி, பொரியல் வந்தால் என்ன செய்வது? காய்ச்சலோடு பொரியல் என்றால் கவனம். வாயில், கண்ணில், சிறுநீர் போகும் இடத்தில் புண் வந்தாலோ, கொப்புளம் எழுந்தாலோ, தோல் கழன்றாலோ, கடியை விட நோவு கூடுதலாக இருந்தாலோ, முகம் வீங்கினாலோ, அடுத்த வேளைக் குளிசையைக் குடிக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் கையோடு கொண்டு போங்கள். கசாயம், எண்ணெய், லேகியம் எல்லாம் அதில் அடங்கும். மூலிகை என்பதற்காக உடம்பு விலக்குக் கொடுக்காது. இந்த அறிகுறி ஒன்றும் இல்லாமல் கடியும் சிவப்பும் மட்டும் என்றால், அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். வலிப்பு, இருதயம், நீரிழிவு மருந்துகளை அவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்த வேண்டாம். கிளிநொச்சியில் வயல் செய்யும் உறவினர் எலிக்காய்ச்சலுக்காக டொக்சிசைக்கிளின் குடித்துவிட்டு வெயில் பட்ட இடம் எரிகிறது என்றால், அந்த மருந்து வெயிலோடு ஒத்துப்போகாது என்று சொல்லி நீளக் கைச் சட்டை போடச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் நீங்கள் மறந்துவிடலாம். ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஒரு கொப்பி போடுங்கள். அதில் ஐந்து விடயம் போதும்: மருந்தின் பொதுப்பெயர், எதற்காகக் குடித்தது, தொடங்கிய திகதி, பொரியல் வந்த திகதி, என்ன வந்தது. கைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். வைத்தியரிடம் போனால் அவர் கேட்கக் காத்திருக்காமல் அதைக் காட்டுங்கள். பாமசியில், "தம்பி, உறையில பேரையும் எழுதித் தாங்கோ" என்று கேளுங்கள். முறைத்தால் முறைக்கட்டும். இந்தப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒரு கேள்வியை இரண்டு தரம் கேட்கும் துணிவு இருக்க வேண்டும்.

மேற்றனின் நீலக் கொப்பிகள் இன்று இல்லை. இடப்பெயர்வில் கல்லூரியின் எத்தனையோ பதிவேடுகளோடு அவையும் போய்விட்டன. 1995இல் நாங்கள் வீட்டை விட்டு இறங்கியபோது ஒரு பையில் போட்டது என் சான்றிதழ்களையும் பிறப்புப் பதிவையும்தான். அதற்குள் மடித்தபடி அந்தத் துண்டு இருந்தது. சில வருடங்களின் பின் எனக்குக் கடும் காய்ச்சல் வந்து வேறோர் ஊரில் அறிவிழந்த நிலையில் சேர்த்தபோது, என் கணவர் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். கடமையில் இருந்த வைத்தியர் துண்டைப் பார்த்துவிட்டு, எழுதிய மருந்தை வெட்டி வேறொன்று எழுதினாராம். எனக்கு அது பிறகுதான் தெரியும்.

மேற்றன் அதைக் கேள்விப்படாமலே காலமாகிவிட்டார். நான் அவருக்கு ஒரு நன்றி சொல்லவில்லை. இன்று இந்த மேடையில், அவர் நடந்த இதே முற்றத்தைப் பார்த்தபடி சொல்கிறேன். உங்களிடம் ஒரு கைமாறு கேட்கிறேன். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அம்மாவின் குளிசை டப்பாவைத் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் தெரியுமா என்று பாருங்கள். தெரியாததை நாளைக்கே கேட்டு எழுதுங்கள்.